நான் எழுந்து நிற்காத ஞாயிறு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ போட வேண்டும் என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழைகளைத் திருத்தி நல்ல தாளில் எழுதித் தருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள். எழுத்தைத் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

என்னோடு வேலை பார்த்த அந்தத் தம்பியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது ஓர் அட்டைப்பெட்டி. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. சலவையாகி வருகிற துணியை மிஷினில் கொடுத்துச் சின்னச் சின்ன உருளைகளாகச் சுற்றி எடுப்பேன். அந்தத் தம்பி பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்டார். வெளிநாட்டுக்குப் போகிற பெட்டிகளின் மேல் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். அதில் இங்கிலீஷுக்குக் கீழே இன்னொரு பாஷையில் நாலு வரி இருக்கும். எனக்கு இரண்டுமே ஒன்றுதான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அப்படி ஒரு பெட்டியின் மேல் தூக்குச்சட்டியை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சட்டியைத் தள்ளிவிட்டு அந்த வரிகளை விரலால் தடவினார்.

“இது பிரெஞ்சுண்ணே. ஆப்பிரிக்காவுல எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரியில இதத்தான் பேசுவாங்களாம். நம்ம சுத்துன துணி எம்புட்டு லேசா அங்க போயிருது பாருங்க. நாம போக முடியாதா?”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவரும் அவர் மனைவியும் எங்கள் சந்திலேயே, எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார்கள். கல்யாணமாகி மூன்று வருடம். பிள்ளை இல்லை. அந்த அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் டவுன் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். சந்தில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான், எனக்கும் அப்படியே. நாங்கள் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், ஊழியத்துக்குப் போக ஆயத்தமாக இருக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று பிரசங்கியார் கேட்டபோது, ஆண்கள் பக்கத்தில் அவரும் பெண்கள் பக்கத்தில் டீச்சரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் நிற்பதை மற்றவர் பார்க்கவில்லையாம். வீட்டுக்கு வந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தார்களாம். இதைத் தம்பி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முதல்முறை சொல்வது போலச் சொல்வார்.

அவர்களைச் சேர்த்துக்கொண்ட மிஷன் ஸ்தாபனம் ஒரு வழி சொன்னது. முதலில் பிரான்சுக்குப் போய் ஒரு வருடம் பாஷை படிக்க வேண்டும். பிறகு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசுகிற ஒரு நாட்டில், மிஷன் ஆஸ்பத்திரியில் அவருக்கும் அதன் பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கும் வேலை. போகும் முன்பே கொஞ்சம் பழகிக்கொள்வது நல்லது என்று சொன்னதால், செல்போனில் பாடம் கேட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள்.

கம்பெனியில் தம்பி என்னிடம்தான் பாடம் ஒப்பிப்பார். நான் வாயே திறக்காதவன், கேலி செய்ய மாட்டேன் என்பதுதான் காரணம். மூக்கால் இழுத்து இழுத்து ஏதோ சொல்வார். நான் துணியைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவேன். எங்கள் மெக்கானிக் தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர். அவர் விட மாட்டார்.

“தம்பி, எங்க வீட்டுல இத்தன வருசமா தெலுங்கு பேசுறோம். பக்கத்துலயே இருக்கே, அத முதல்ல படி. உங்க ஆண்டவருக்கு அதுவும் வெளங்கும்.”

“தெலுங்குக்கு நீங்க இருக்கீக அண்ணாச்சி. அங்க யாரு இருக்கா?” என்பார் தம்பி.

வீட்டிலும் இதே கூத்துதான். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் மாறி மாறி மூக்கால் பேசுவது எங்களுக்குக் கேட்கும். என் மனைவி இங்கிருந்து சத்தம் கொடுப்பாள். “ஏட்டி டீச்சர், ரெண்டு பேருக்கும் சேத்து சளி புடிச்சிருக்கா? கசாயம் வச்சுத் தரட்டா?” அந்தப் பக்கம் படிப்பு நின்று சிரிப்பு கேட்கும். செத்த நேரம் கழித்து மறுபடியும் ஆரம்பித்துவிடுவார்கள்.

மே மாதத்தில் சபையில் அவர்களுக்கு வழியனுப்பு ஆராதனை வைத்தார்கள். எங்கள் சபையிலிருந்து வெளிதேசத்துக்கு ஊழியத்துக்குப் போகிறவர்கள் அவர்கள்தான் முதல். ஆகவே எல்லாருக்கும் ஒரே உற்சாகம். விசா இன்னும் கைக்கு வரவில்லை. பத்து நாளில் வந்துவிடும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். ஜூன் பிறந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும், லீவிலேயே வைத்தால்தான் எல்லாரும் வருவார்கள் என்று சபைச் செயலாளர் அண்ணாச்சி தேதி குறித்துவிட்டார். சபைக் கோயிலுக்குப் பின்னால் அடுப்பு வெட்டி, ஆட்டுக்கறிக் குழம்போடு அசனம் என்று பொது விருந்து போட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். கடைசியில் இருவரையும் முழங்காலில் நிறுத்தி, கை எட்டினவர்கள் எல்லாரும் அவர்கள் தலையில் கை வைத்து ஜெபித்தோம். அந்தத் தேசத்தில் கொடிய காய்ச்சல் வரும், அதற்கு விலக்கிக் காத்தருளும் என்று செயலாளர் அண்ணாச்சி அழுது ஜெபித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் ஆமென் சொன்னேன்.

அதற்குள் டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தார். தம்பியும் கம்பெனியில் சொல்லிக்கொண்டுவிட்டார். கட்டில், பீரோ, அடுப்பு எல்லாவற்றையும் வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள். மிக்சி எங்களுக்கு வந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு, அந்தப் பத்து நாளுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சருடைய அம்மா வீட்டில் போய் இருந்தார்கள்.

விசா கிடைக்கவில்லை. படிப்பு முடிந்ததும் இவர்கள் சொந்த ஊருக்குத் திரும்புவார்கள் என்று நம்ப முடியவில்லை என்று மறுத்து வந்த தாளில் எழுதியிருந்ததாம்.

மேளதாளம் இல்லாத குறையாக வழியனுப்பப்பட்ட ஒருவர், போகாமல் அதே ஊரில் நடமாடுவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அதற்கு முன் நான் யோசித்ததில்லை. காய்கறிக் கடையில், பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில், பார்க்கிறவர்கள் எல்லாரும் “இன்னும் போகலையா?” என்று கேட்டார்கள். கெட்ட எண்ணத்தோடு கேட்டவர்கள் குறைவுதான். ஆனால் கேட்காதவர்கள் இல்லை. கம்பெனி முதலாளி இரங்கித் தம்பியை மறுபடி சேர்த்துக்கொண்டார். பழைய இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டதால், லாரியில் பெட்டி ஏற்றுகிற வேலைதான் கிடைத்தது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் வந்தார். எங்களுக்கு வந்த மிக்சியை என் மனைவி துடைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டீச்சர் வாங்கவில்லை. “வச்சுக்கோங்கக்கா. வாங்குனா நாங்க போகலன்னு ஆயிரும்” என்றாராம்.

மிஷன் ஸ்தாபனம் கைவிடவில்லை. மறுபடி விண்ணப்பம் போடலாம், இந்த முறை சொந்த சபையின் கடிதம் ஒன்று வேண்டும் என்றார்கள். கடிதம் பெரிதாக ஒன்றுமில்லை. இவர்கள் எங்கள் சபைப் பிள்ளைகள், எங்கள் பொறுப்பில் இருக்கிறவர்கள், திரும்பி எங்களிடம்தான் வருவார்கள் என்று மூன்று வரி. போதகர் தானே கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவர் பயந்த சுபாவம். செயலாளர் அண்ணாச்சி, “ஒரு தடவ சபையா சேந்து அனுப்பியாச்சு. கர்த்தர் கதவ அடைச்சுட்டாரு. அவரு அடைச்சத நாம ஏன் போயித் தட்டணும்?” என்று சொன்னதும், சபையார் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய விஷயங்களுக்குக் கை தூக்க மாட்டோம். சம்மதம் உள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள், அந்த வீட்டின் தலைவர், அவர்தான் நிற்க வேண்டும். பாதி வீட்டுக்கு மேல் நின்றால் தீர்மானம். நாங்கள் இன்னும் பாயில்தான் உட்காருகிறோம். பெஞ்சில் இருப்பவன் எழுவது சின்ன காரியம். பாயில் சம்மணம் போட்டவன் கையை ஊன்றி, முழங்காலை மடக்கி எழுந்து நின்றால் அது எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரும் கலையவில்லை. போதகர் கடிதத்தை வாசித்தார். தம்பியும் டீச்சரும் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி ஆண்கள் பக்கத்தைப் பார்த்தார். சம்மதமானவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் போதகர்.

முதலில் எழுந்தவள் என் மனைவி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் பக்கத்தின் நடுவில் நின்றாள்.

“அம்மா, நீங்க உக்காருங்க. வீட்டுத் தலைவர் நின்னாத்தான் சேத்தி” என்றார் செயலாளர் அண்ணாச்சி.

அவள் உட்காரவில்லை. நடுவில் இருந்த நடைபாதையைத் தாண்டி என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சபையில் ஒருமுறைகூட வாய் திறந்தவனில்லை. வாலிபனாக இருந்தபோது ஒரு நாள் வேதபாடம் வாசிக்கச் சொல்லி, நான் எழுத்துக்கூட்டித் தடுமாறிச் சபை சிரித்தது. அதற்குப் பிறகு சுவரோரப் பாய்தான் என் இடம். அன்றும் சுவரோரம்தான் இருந்தேன். கையை ஊன்றினேன். ஒரு முழங்காலை உயர்த்தினேன். இன்னொருவர் நிற்கட்டும், அவரோடு சேர்ந்து நின்றுகொள்ளலாம் என்று காத்திருந்தேன். அங்கொருவரும் இங்கொருவருமாக ஏழு பேர் நின்றார்கள். என் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. உயர்த்திய முழங்காலைக் கையால் கட்டிக்கொண்டு, அதற்காகத்தான் உயர்த்தினேன் என்பது போல உட்கார்ந்துவிட்டேன். செயலாளர் அண்ணாச்சி எண்ணிப் பார்த்துவிட்டு, “கர்த்தருக்குச் சித்தமில்ல” என்றார். என் மனைவி கடைசி ஆளாக உட்கார்ந்தாள்.

வெளியே நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தம்பி பக்கத்தில் வந்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவராகவே, “என்னண்ணே, கால் மரத்துப் போச்சா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

“ஆமா தம்பி, மரத்துப் போச்சு” என்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் என் மனைவி எனக்கு முன்னால் நடந்து போய்விட்டாள். மறுநாள் டீக்கடையில், சபையில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த தறிக்காரர், கண்ணாடி கிளாசை ஊதிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். “ஏலே, நீ முட்டிய தூக்குனதப் பாத்தேன். நீ எந்திரிச்சா நானும் எந்திரிக்கலாம்னுதான் இருந்தேன். எனக்குப் பின்னாடி இருந்தவனும் அதத்தான் சொல்லுதான்.” அது வரையில் நான் ஒருவன் நின்றிருந்தால் எட்டாகியிருக்கும், அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

அதன் பிறகு அவர்கள் சுந்தரபாண்டியத்தில் ஒரு சின்ன சபைக்குப் போக ஆரம்பித்தார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் விவசாயக் கூலிகள். ஒரு வருடம் சபைக்கு வந்து பழகட்டும், அப்புறம் கடிதம் தருகிறோம் என்று அங்கிருந்த ஊழியக்காரர் சொன்னாராம். அது நியாயம்தான். முன்பின் தெரியாதவர்களை எங்கள் பிள்ளைகள் என்று யார்தான் உடனே எழுதிக் கொடுப்பார்கள்? தெரிந்த நாங்களே கொடுக்கவில்லை.

கம்பெனியில் தம்பி என்னோடு பழையபடிதான் இருந்தார். பெட்டி ஏற்றி முடித்துவிட்டு என் மிஷின் அருகே வந்து உட்கார்ந்து பாடம் ஒப்பித்தார். நான்தான் பழையபடி இல்லை. அவர் வருவதைப் பார்த்தால் துணி எடுக்கப் போவது போல எழுந்து போய்விடுவேன். சில நாள் அவர் அங்கே தனியாக உட்கார்ந்து, ஓடுகிற மிஷினைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நவம்பர் மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். அவருக்கும் வந்தது. இரண்டு நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மதுரையில் இரண்டாம் நாள் காலையில் இறந்துவிட்டார். கொசுவால் வருகிற காய்ச்சல் என்றார்கள். எந்தத் தேசத்துக் காய்ச்சலுக்கு விலக்கிக் காக்க வேண்டும் என்று நாங்கள் ஜெபித்தோமோ, அந்தத் தேசத்துக்கு நாங்கள் அவரை அனுப்பவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய மாமியார் வீட்டு வாசலில் உடலை வைத்திருந்தார்கள். எங்கள் சபையிலிருந்து வேன் பிடித்து எல்லாரும் போனோம். சுந்தரபாண்டியத்துக்காரர்கள் முன்பே வந்து, தெரியாத வீட்டில் நிற்பவர்கள் போல ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். செயலாளர் அண்ணாச்சி மனம் உடைந்துதான் வந்திருந்தார். அதை நான் மறுக்கக் கூடாது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“இது எங்க சபைப் பிள்ளை. எங்க கல்லறைத் தோட்டத்துலதான் வைக்கணும். அம்புட்டு ஏற்பாடும் நாங்க பாத்துக்கிடுதோம்.”

காலையிலிருந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

“அண்ணாச்சி, இதத்தான அன்னைக்கு ஒரு தாள்ல எழுதிக் கேட்டோம்.”

தம்பியைச் சுந்தரபாண்டியத்தில்தான் அடக்கம் செய்தார்கள். நாங்கள் எல்லாரும் வேனில் பின்னால் போனோம்.

அதன் பிறகு நாங்கள் கேள்விப்பட்டது, டீச்சர் தனியாகவே மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்பதுதான். சுந்தரபாண்டியத்துச் சபை, சொன்ன வருடம் முடியும் முன்பே கடிதம் கொடுத்திருந்தது. எழுத்துத் தெரியாதவர்கள் கீழே கைநாட்டு வைத்திருந்தார்களாம். விசா வந்துவிட்டது என்று ஆகஸ்டில் தெரிந்தது. என் மனைவி, “இப்பவாவது போயிச் சொல்லிட்டு வாங்க” என்றாள். எதை என்று அவள் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். டீச்சர் தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் முன்பே வாங்கி வைத்த குளிர் சட்டைகள் பக்கத்தில் கிடந்தன. தன்னுடையதை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தம்பியுடையதைப் பெட்டியில் வைத்தார். “இதுதான் பெருசு, நல்லா மூடும்” என்று பொதுவாகச் சொன்னார். டீச்சருடைய அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. “டீச்சர், அன்னைக்கு எனக்குக் கால் மரத்துப் போகல” என்று மட்டும் சொன்னேன்.

அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். “தெரியும்ணே. உங்க தம்பிக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து சிரிச்சாக. பாவம், அண்ணனுக்கு ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியல, நான்தான் எடுத்துக் குடுத்தேன்னாக.”

நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சிரிக்கலண்ணே. இப்பவும் எனக்குச் சிரிப்பு வரல.”

நான் தலை குனிந்துகொண்டேன். “டீ ஆறுது, குடிங்க” என்றார் டீச்சர். குடித்தேன். கிளம்பும்போது வாசல் வரை வந்தார். “இத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னைக்கு உக்காந்திருந்தாகள்ல, அவிய முன்னாடி சொல்லுங்க. நாளைக்கு எங்கள மாதிரி இன்னொருத்தர் போயி அங்க முன்னால நிக்கத்தான செய்வாக” என்றார்.

செப்டம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சென்னை ரயில் ஏறிவிட்டார். எங்கள் சபையில் யாருக்கும் சொல்லவில்லை. சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து ஏற்றிவிட்டார்களாம். இப்போது பிரான்சில் படித்துக்கொண்டிருக்கிறார். என் மனைவிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்தப் பெரிய குளிர் சட்டைக்குள் ஆளே தெரியவில்லை.

எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு சாட்சி சொல்லுகிற நேரம் உண்டு. இரண்டு மாதம் முயன்று பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் எழுதினேன். இதைப் போதகரிடம் கொடுத்து, சபை மலர் பத்திரிகையில் போடச் சொல்லப் போகிறேன். செயலாளர் அண்ணாச்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நம்பியதைச் சொன்னார். நான் நம்பியதைச் செய்யவில்லை. அந்தத் தம்பி போக வேண்டும் என்பதில் எனக்குச் சம்மதம்தான். எங்கள் வீட்டுக்காக நான் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. போதகர் இதைப் போட மறுத்தால் நானே சபையில் எழுந்து நின்று படிப்பேன் என்று எழுத எனக்கு ஆசைதான். வாக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

எழுதி முடித்தது, அவர் இறந்து ஒரு வருடம் ஆன நவம்பர் மாதம், இரண்டாம் ஞாயிறு, சாயங்காலம்.